குட்டியின் பக்கச் சில்லு

நாலாவது வருடமாக இந்த ஆகஸ்டிலும் சைக்கிள் ஓடுகிறேன். கிரேட் சைக்கிள் சாலஞ்ச். எத்தனை கிலோமீட்டர் என்று நாங்களே தீர்மானித்து, வசதிப்பட்ட இடத்தில் மாதம் முழுக்க ஓடலாம். சேரும் காசு சிறுவர் புற்றுநோய்க்காக ரொறன்ரோ சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையின் அறக்கட்டளைக்குப் போகிறது. என் கணக்கு 400 கிலோமீட்டர்.

போன கிழமை ஒரு கொண்டாட்ட வீட்டில் ஒரு ஐயா கேட்டார். "தம்பி, காசைக் குடுத்திட்டுப் போகலாமே, ஏன் வெய்யிலுக்கை ஓடுறீர்? கோயிலிலை ஒரு அன்னதானம் குடுத்தாலும் பிள்ளைக்குப் புண்ணியமெல்லே?" நல்ல மனதோடுதான் கேட்டார். அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

அக்காவின் மகன். வீட்டில் குட்டி. ஆறு வயதில் பக்கச் சில்லைக் கழற்றச் சொல்லி ஒரே அடம். நான்தான் கழற்றினேன். இரண்டு நாளில் பழகிவிட்டான். அந்தக் கோடை முடிய முதலே இடப்பக்கமாகச் சரிந்து சரிந்து விழத் தொடங்கினான். "பாத்து ஓடடா" என்று ஏசினேன். சில்லைத் திரும்பப் பூட்டியதும் நான்தான். ரிவி பார்க்கும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வான், விளையாட்டென்று நினைத்தோம். பிள்ளைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது.

மூளைத்தண்டில் கட்டி. டிஐபிஜி என்பார்கள். நல்ல கலங்களுக்கு நடுவே ஊடுருவி வளர்வதால் வெட்டி எடுக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்தபின் சில மாதம் பழைய குட்டியாகத் திரிந்தான். நோய் தெரிந்து பத்தாவது மாதம் போய்விட்டான்.

நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962இல் இரண்டு வயதில் இதே நோயால்தான் இறந்தாள். அவளுக்கும் கதிர்வீச்சுத்தான் கொடுத்தார்கள். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரையில்லை.

ஆனால் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயும் ஒருகாலம் இப்படித்தான் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் பிள்ளைகளின் லுகேமியாவைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அங்கிருந்து படிப்படியாக வந்து, கனடா போன்ற நாடுகளில் சிறுவர்களுக்கு அதிகம் வரும் லுகேமியா வகையில் இன்று பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். ஆராய்ச்சிக்குக் காசு வேண்டும் ஐயா. அன்னதானமும் கொடுப்போம், அதோடு இது இன்னொரு கடன்.

காசை மட்டும் அனுப்பினால் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் புற்றுநோய் என்ற சொல்லையே எடுப்பதில்லை, "அந்த வருத்தம்" என்பார்கள். குட்டியின் பேரையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அக்கா இருந்தால் கதையை மாற்றுவார்கள். அவவுக்கு நோகும் என்று நினைக்கிறார்கள். ஒருவரும் கேட்காததுதான் அவவுக்கு நோகிறது.

என் ரீசேட்டின் முதுகில் அவன் படம். போன வருடம் கிங்ஸ்டன் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்தில் வந்து நின்ற ஒரு சீனத்து அம்மா "யார் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார். விளக்குப் பச்சையாகி, திரும்பச் சிவப்பாகும்வரை சொன்னேன். அன்றிரவு அக்காவுக்குப் போன் எடுத்து அதை அப்படியே சொன்னேன். "பிறகு என்ன கேட்டவா? பல்லு விழுந்த படமெண்டு சொன்னனியோ?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தா.

இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு றூஜ் கடற்கரையில் நிற்போம். அக்கா தேத்தண்ணிப் போத்தலோடு வருவா. சைக்கிள் இல்லாவிட்டாலும் வாங்கோ. அவவிடம் குட்டியைப் பற்றிக் கேளுங்கோ.