பச்சைச் சுவருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

பினாங்கில் சுவர் ஓவியத்துக்குப் பஞ்சமே இல்லை. லெபோ ஆர்மீனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு இன்னும் ஆட்கள் வரிசை கட்டிப் படம் எடுக்கிறார்கள். இப்போது பெயின்ட்டுக்குப் பதில் பாசியாலும் செடியாலும் வரையலாம் என்று நண்பர்கள் பகிர்கிறார்கள். எனக்கும் அதில் பெரிய ஆசை. ஆனால் எந்தச் சுவர், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் பேசிவிடுவோம்.

பாசியை மோரும் சர்க்கரையும் சேர்த்து மிக்சியில் அடித்துச் சுவரில் பூசச் சொல்கிறார்கள். குளிர் நாட்டிலேயே அது பல நேரம் பூஞ்சணம் பிடித்துப் போகிறது. நம் ஊர் மத்தியான வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

அதைவிடக் கவலை, பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளின் சுவர். செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எந்நேரமும் நனைத்து வைத்தால் உப்புப் பூத்துச் சாந்து உதிரும். லிட்டில் இந்தியா பின்சந்துகளில் அண்ணாந்து பாருங்கள். பறவை போட்ட விதையில் கூரையோரம் ஆலங்கன்று முளைத்து, விரல் கனத்துக்கு வேர் செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கும். கிளையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் இது. அந்தச் சேதத்தைக் கலை என்ற பெயரில் நாமே நட்டுவைக்க வேண்டாமே.

சரி, வேறு வழி? பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க்கின் சுவர்த் தோட்டங்களில் மண்ணே கிடையாது. சுவரை விட்டுத் தள்ளி உலோகச் சட்டம், அதில் பிவிசி பலகை, மேலே கம்பளி போன்ற துணி. உரம் கலந்த தண்ணீர் குழாய் வழியாகச் சொட்டும். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி பக்கம், லெ நூவெல் அடுக்குமாடிக் கோபுரங்களில் கொடி ஏற்றியவரும் அவர்தான். சட்டம் தள்ளி நிற்பதால் சுவருக்குக் காற்று கிடைக்கும், அது நல்ல பாடம். ஆனால் மோட்டார் நின்றால் செடி தாங்காது. அந்தச் செலவு நம் சந்துகளுக்குக் கட்டுப்படியாகாது.

எனக்குத் தெரிந்த பூக்கடை அக்கா ஒருவர் கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் பழைய பெயின்ட் டின்னில் வெற்றிலைக் கொடி வைத்திருக்கிறார். பூவுக்குத் தெளித்த தண்ணீரில் மிச்சம் அதற்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடி மாடிச் சன்னலைத் தொட்டுவிட்டது. ஓவியர்கள் இவரைப் போன்றவர்களோடு சேர வேண்டும். கம்பியைக் கோலமாக வளைத்துச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், கொடி தானே வரைந்துகொள்ளும். பணம் தருகிற அமைப்புகள் திறப்பு விழாவோடு கையை உதறாமல், தண்ணீர் ஊற்றுபவருக்கு இரண்டு வருஷச் சம்பளத்தையும் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

அக்காவிடம் நான் பேசுகிறேன். கம்பி வளைக்கத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.