ராபின்சனுக்கு 63 வருடம் முன்பே ஒருவர்
“1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பினத்தவர் யாருமே ஆடியதில்லை” என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள் (மேஜர் லீக் என்றால் அமெரிக்காவின் உச்சநிலை தொழில்முறை பேஸ்பால்). பரவலாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் சரியில்லை.

1884இல் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கும் ஒரு மேஜர் லீக்தான். அதில் டொலிடோ அணிக்கு கேட்சராக (பவுலர் எறியும் பந்தைப் பிடிப்பவர்) 42 ஆட்டம் ஆடியவர் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர், ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். கேட்சருக்கு இன்றைய மெத்தை மாதிரி கையுறையெல்லாம் அப்போது கிடையாது. போதாததற்கு சொந்த அணி பவுலர் டோனி மல்லேன், எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று வாக்கர் காட்டும் சைகையைப் பார்க்காமலே இஷ்டத்துக்கு எறிவார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல் பிடிக்க வேண்டும்! தான் கண்ட கேட்சர்களிலேயே வாக்கர்தான் சிறந்தவர் என்று பிற்காலத்தில் ஒத்துக்கொண்டவரும் இதே மல்லேன்தான். வாக்கரின் தம்பி வெல்டியும் அதே வருடம் அதே அணியில் சில ஆட்டங்கள் ஆடினார்.

அப்புறம்தான் கதவு சாத்தப்பட்டது. 1887 ஜூலையில், மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையில் இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் முதலாளிகள், இனி கறுப்பின வீரர்களைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். மேஜர் லீக்கில் அப்படி எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்மொழி ஏற்பாடு.

(1879இல் ஒரே ஒரு ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வர்ட் வைட்டை முதல் கறுப்பின வீரர் என்பாரும் உண்டு. அவர் வெள்ளையராகவே வாழ்ந்தவர், அது தனிக் கதை.)

ராபின்சனை “இருபதாம் நூற்றாண்டில் முதல் கறுப்பின வீரர்” என்று மாற்றிவிடுங்கள், போதும்.