தலைகுந்தாவில் வலப்பக்கம் திரும்பினால் மட்டும் போதுமா?

ஊட்டியிலிருந்து முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காடு போக கல்லட்டி மலைச்சாலை வழியே சிறந்தது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கிலோமீட்டர் கணக்கில் சரி. கூடலூர் சுற்றினால் ஏறத்தாழ 67, கல்லட்டியில் 36. ஆனால் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் பிரியும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் அவ்வளவு செங்குத்து. முதல் கியரில் இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதியிலேயே லைனிங் கருகும் நாற்றம் வரும், அப்புறம் பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்துவிட்டு நிற்கும் வண்டிகளை அங்கே பார்த்திருக்கிறேன். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு போட்டதும் சும்மா இல்லை. கூடலூருக்குப் போகும் பைக்காரா, நடுவட்டம் வழி நீளம்தான், ஆனால் பெரிய பேருந்தும் லாரியும் அதில்தான் போகின்றன. கூடலூரை வெறும் 'வழியில் வரும் ஊர்' என்று கடந்துவிட்டதும் எனக்கு ஒப்பவில்லை. மைசூர், சுல்தான் பத்தேரி, நாடுகாணி வழியாக நிலம்பூர் என்று எல்லாம் பிரிவது அங்கேதான். மேலே கருத்து எழுதிய நண்பர் ஒருவர் இரவில் கிளம்பினால் நெரிசல் இருக்காது என்கிறார். இருக்காதுதான், இரவு 9 முதல் காலை 6 வரை தெப்பக்காட்டுக்கு அப்பால் மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலையையே மூடிவிடுகிறார்களே!