இன்ஜினை அணைத்தவர்கள்

ஒன்றரை வருஷமாக ராத்திரியில் நான் படிப்பதெல்லாம் பைக் கிளப் காதல் கதைகள்தான். ஆங்கிலத்தில் இது ஒரு தனி வகையாகவே வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர், லெதர் கோட்டின் முதுகில் கிளப் சின்னம் தைத்துக்கொண்டு சுற்றும் முரட்டு ஆட்கள், எங்கிருந்தோ அடிபட்டு ஓடிவரும் ஒரு பெண். அவர்களில் ஒருவன் அவளைக் காதலிக்கிறான், கிளப் மொத்தமும் அவளுக்குக் குடும்பமாகிறது, அவள் மெல்லத் தேறுகிறாள். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்குப் படிக்கிறாய் என்று ஒரு தோழி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என் பழைய வீட்டில் ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் அந்த பைக் திரும்பும் சத்தம் கேட்டாலே வயிறு இறுகிவிடும். சத்தத்தை வைத்தே அன்றைக்குப் பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். முறுக்கிக்கொண்டு வந்தால் ஒரு மாதிரி, சத்தமில்லாமல் வந்து ஸ்டாண்ட் போட்டால் அதைவிட மோசம். அந்தக் கல்யாணத்தை விட்டு வெளியே வந்தபோது என் கைக்கு எட்டிய வாடகையில் கிடைத்தது ஒரே ஒரு மாடி அறை. கீழே மெக்கானிக் ஷெட். காலை ஒன்பது மணியிலிருந்து வண்டிகளை முறுக்கி முறுக்கிப் பார்ப்பார்கள். முதல் மாதம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷெட் அண்ணனும் அங்கே வேலை பார்க்கும் பையன்களும், நம் சினிமாவில் வடசென்னை என்றதும் கையில் கத்தியோடு காட்டுவார்களே, பார்க்க அதே முகங்கள்தான். நான் படியிறங்கும்போது பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதை அண்ணன் என்றைக்கோ கவனித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் முதல் படியில் கால் வைத்ததும் கீழே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் அணைந்துவிடும், நான் டீக்கடையைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் மறுபடி கிக்கர் சத்தம் கேட்கும். அது எனக்காகச் செய்வது என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆனது. புரிந்த அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

இந்தக் கதைகளில் நல்லவை இந்த இடத்தைச் சரியாகத் தொடுகின்றன. காதலன் வில்லனைத் தேடிப்போய் அடித்து நொறுக்கும் அத்தியாயத்தில் யாருக்கும் எதுவும் ஆறுவதில்லை. கிளப் சமையலறையில் யாரோ ஒரு மூத்த பெண் வெங்காயத்தையும் கத்தியையும் இவள் முன்னால் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாளே, அங்கேதான் ஆறுகிறது. நடந்ததைச் சொல் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த ஊர் பைக் கிளப்புகளின் வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டரில் பைக் கூட்டம் கலாட்டாவாகி நாடெங்கும் செய்தியானது. பைக் கிளப்புகளிலேயே ரொம்பப் பேர்போன ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் 1948-ல் அதே மாநிலத்தின் ஃபான்டானாவில் தொடங்கியது. அந்தக் காலத்துக் கிளப்புகளில் சேர்ந்தவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் மனசுக்குள் கொண்டுவந்ததற்கு அன்றைக்குச் சரியான பெயர்கூடக் கிடையாது. மன அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது 1980-ல்தான். பெயர் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே அவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு இளகிவிடுகிறது. அதற்காக அந்தக் கிளப்புகளை நான் வெள்ளையடிக்கவில்லை. அவற்றில் சிலவற்றைக் குற்றக் கும்பல் என்றே அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் சொல்கிறது. பெரும்பாலான கிளப்புகளில் பெண் உறுப்பினராக முடியாது. இன்னாருடைய உடைமை என்று எழுதிய லெதர் கோட்டை மனைவிக்கும் காதலிக்கும் மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. கதைகளில் அதையே பெரிய காதல் அடையாளமாகக் காட்டுகிறார்கள்.

என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாதது இதுதான். பாதுகாப்புக்காக என்று சொல்லி நாயகன் அவள் போனில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவளுக்குத் தெரியாமல் பின்னால் ஆள் போடுகிறான், வாசிப்பவர்கள் அதில் உருகிப்போகிறார்கள். "எங்க இருக்க?" என்ற கேள்விக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லிக்கொண்டே வாழ்ந்தவள் நான். அதே கேள்வியை நல்லவன் கேட்டால் இனித்துவிடுமா? ஷெட் அண்ணன் நான் எங்கே போகிறேன் என்று இன்றுவரை கேட்டதில்லை. ராத்திரி நேரமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், நான் வந்ததும் "சாப்ட்டியாம்மா?" என்பார், மீதி ஷட்டரை இறக்குவார். காவல் என்றால் எனக்கு அதுதான். மற்றதெல்லாம் வேவு.

எட்டு மாதம் கழித்து நானே கீழே போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணனின் அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், 1955-ல் சென்னைக்கு வந்த அந்தக் கம்பெனியைப் பற்றி அண்ணன் தன் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். அப்பாவின் புல்லட் இன்னும் ஷெட்டில் நிற்கிறது. பழைய மாடல், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதை ஸ்டார்ட் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும், இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேவிடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட வேண்டும், அப்புறம்தான் உதை. அவசரப்பட்டால் காலைத் திருப்பி அடிக்கும். எனக்கு இரண்டு தடவை அடித்தது. மூன்றாம் நாள் அந்தத் தடதட சத்தம் என் காலடியிலிருந்து வந்தபோது வயிறு இறுகவில்லை, ஏனென்றால் அதை எப்போது அணைப்பது என்பது என் கையில் இருந்தது.

தமிழில் இப்படி ஒரு கதை வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன். நம் எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், காசிமேட்டு மீன் வாசனையோடு. காதலன் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை, நூறு பக்கம் கழித்து நிதானமாக வரட்டும். அதற்கு முன்னால் அவளைத் தூங்கவிடுங்கள், ஒரு வேலைக்குப் போகவிடுங்கள், யாரோடாவது சண்டை போட்டுவிட்டு மறுநாள் பயமில்லாமல் டீ குடிக்கவிடுங்கள். யாராவது எழுதினால் சொல்லுங்கள். முதல் பிரதியைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அண்ணனுக்குப் படிக்க நேரம் இருக்காது, பையன்களில் ஒருவன் வாசித்துக் காட்டுவான்.