கருவி வாங்கியவருக்கு மட்டும் இலவசம் என்பதை நம்பி வகுப்பு நடத்தாதீர்கள்

விலைக்கு விற்கும் மென்பொருளைத் தன் கருவியை வாங்கியவருக்கு மட்டும் ஒரு நிறுவனம் சும்மா கொடுப்பதில் எனக்கு வழக்கில்லை. கருவியில் இலாபம் எடுக்கிறார்கள், அது அவர்கள் வியாபாரம். அந்தச் சலுகையை நம்பி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்குகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திருகோணமலை நகரில் ஒரு தனியார் கல்வி நிலையம், குறிப்பிட்ட வகைக் கணினி வைத்திருந்தால்தான் வடிவமைப்பு வகுப்பில் சேரலாம் என்கிறது. மூதூரில் இருந்து ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சேர், அந்தக் கணினி வாங்கினால் மென்பொருள் சும்மா கிடைக்குமாம். நகையை அடகு வைத்தாவது வாங்கவா?" வேண்டாம் அம்மா என்றேன். அன்று முழுக்க மனம் ஆறவில்லை.

இந்தச் சலுகைகள் யாருக்குப் போகின்றன என்று பாருங்கள். 2013இல் ஆப்பிள் தன் எழுத்து, அட்டவணை, முன்வைப்பு மென்பொருள்களான பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றையும் புதிதாகக் கருவி வாங்குவோருக்கு இலவசமாக்கியது. ஆப்பிளின் பழைய மாக் கணினி வைத்திருந்து, அந்த மென்பொருளை அதுவரை வாங்காதவர் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில்தான் எல்லா மாக் பாவனையாளருக்கும் இலவசமானது. புதுக் கருவி வாங்க வசதி உள்ளவருக்குச் சலுகை. வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய பழைய கணினியோடு இருப்பவருக்குப் பில். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்களுக்கு டாவின்சி ரிசோல்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருள் பழக்கமானது. அதன் இலவசப் பதிப்பு உண்மையிலேயே நல்லது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். மங்கலான மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வசதியோ ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. விலை 295 டொலர். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றாலே தொண்ணூறாயிரத்தை நெருங்குகிறது. அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் சில கமராக்களை வாங்கினால் அது கூடவே வரும். 2018இல் வந்த பொக்கெட் 4கே கமராவின் அறிமுக விலை 1,295 டொலர். ஏற்கெனவே வேறு கமராவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த இலவசத்தால் என்ன பயன்?

ராஸ்பெரி பை விடயத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2013 நவம்பரில் மெத்தமெட்டிக்கா என்ற விலையுயர்ந்த கணித மென்பொருளை, 35 டொலர் அளவிலான அந்தச் சின்னக் கணினியில் வணிகமல்லாத பாவனைக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சலுகை மலிவான கருவியோடு வந்தது. பாடசாலை ஒன்று நாலைந்து வாங்கி வைத்தால் உயர்தரக் கணிதப் பிள்ளைகள் மணிக்கணக்கில் அதிலேயே இருப்பார்கள். அங்கும் ஒரு கட்டு உண்டு: அந்த உரிமம் வீட்டு மடிக்கணினிக்கு வராது.

இதனால்தான் வகுப்பை எந்தக் கணினியிலும் ஓடுவதில் தொடங்குங்கள் என்கிறேன். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தின் நிரலாக்கப் பகுதிக்குப் பைதன் என்ற நிரல்மொழி போதும், அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ், படத்துக்குக் கிம்ப், வீடியோவுக்குக் கேடென்லைவ். முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர், அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது பாவனையாளர்களே 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இவை எல்லாமே விலைமென்பொருளுக்கு நிகர் என்று சொல்லமாட்டேன். கேடென்லைவ் சில நேரம் பாதியில் நின்றுவிடும், எரிச்சல் வரும். ஆனால் பிள்ளை செய்த வேலை கிண்ணியாவிலும் திறக்கும், தம்பலகாமத்திலும் திறக்கும், கணினி பழுதாகி வேறொன்று வாங்கினாலும் திறக்கும். வைரஸோடு வரும் கிராக் செய்த கள்ளப் பிரதியைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

வகுப்பு நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் "வீட்டில் என்ன கணினி இருக்கிறது?" என்று ஒரு வரி போடுங்கள். வந்த பதில்களைப் பார்த்த பிறகு மென்பொருளைத் தீர்மானியுங்கள். மேலே சொன்னவற்றை நிறுவ உதவி வேண்டுமானால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். திருகோணமலைக்குள் எங்கே என்றாலும் சனிக்கிழமை பிற்பகலில் வந்து நிறுவித் தருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.