கத்தி வாயின் தடிமனை அளந்தீர்களா?

எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எஸ்90வி என்ற ஸ்டீலில் செய்த கத்தியை ஒருவர் எலும்பில் இறக்கித் திருகுகிறார், வாய் பல் பல்லாக உடைகிறது, உடனே "இந்த ஸ்டீலே குப்பை" என்று தீர்ப்பு. வாயின் தடிமன் எவ்வளவு? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சாணைச் சரிவு முடிந்து பக்கவாட்டுப் பரப்பு தொடங்கும் தோளில் காலிப்பரை (தடிமன் அளக்கும் கருவி) வையுங்கள். 0.25 மி.மீ. என்றால் மெல்லிய வாய். 0.5 நடுத்தரம். 0.75 முரட்டு வேலைக்கானது. அதே ஸ்டீலில், அதே கடினத்தில், தடிமன் இரு மடங்கானால் பக்கவாட்டு வளைவை எதிர்க்கும் விறைப்பு 8 மடங்கு கூடும், முறியாமல் தாங்கும் பலம் 4 மடங்கு. திருகும்போது வாயில் விழுவது இந்தப் பக்கவாட்டுச் சுமைதான்!

எஸ்90வி-யில் வனேடியம் 9 சதவீதம். அது கார்பனோடு சேர்ந்து உண்டாகும் கடினமான கார்பைடு மணிகள் தேய்மானத்தைத் தடுக்கும், ஆனால் விரிசலும் அவற்றிலிருந்தே கிளம்பும். அப்படிப்பட்ட ஸ்டீலை மெல்லியதாக இழைத்துத் திருகினால் உடையத்தான் செய்யும். வனேடியம் 2.75 சதவீதமே உள்ள 3வி என்ற ஸ்டீல் அதே தடிமனில் கூடுதலாகத் தாங்கும். ஸ்டெல்லைட் 6கே என்ற கோபால்ட் கலப்புலோகம் கடினம் குறைந்தது, ராக்வெல் கடின அளவில் சுமார் 45 எச்ஆர்சி. வாய் மெலிந்தால் அது உடையாது, மடங்கும். தடிமனைச் சொல்லாமல் எந்த உலோகத்தையும் நல்லது கெட்டது என்று பேசவே முடியாது.

"அப்போ எல்லாக் கத்தியும் தடியா இருக்கணுமா?" வேண்டாம். கயிறும் அட்டையும் வெட்டுகிறவருக்கு மெல்லிய வாய்தான் வரம். கூர் குறைந்த பிறகும் அது இறங்கும், தடித்தது ஆப்பு போலச் சிக்கும்.

"ஹீட் ட்ரீட்மென்ட் (ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) கோளாறாக இருக்கலாமே?" இருக்கலாம். பெல்ட் சாணையில் சூடேறி, தயாரிப்பாளர் வைத்த முதல் வாய் பலவீனப்படுவதும் உண்டு. இரண்டு மூன்று முறை தீட்டினால் உள்ளிருக்கும் நல்ல உலோகம் வெளிவரும். அதைக்கூடச் செய்து பார்க்காமல் குப்பை என்பதா?

"காசு கொடுத்தவன் எதை வேண்டுமானாலும் வெட்டுவான்" என்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. வெட்டட்டும், ஸ்டீலைத் திட்ட வேண்டாம்.

வலிப்பது வேறு. இப்படிப்பட்ட வீடியோக்களுக்குப் பயந்தே தயாரிப்பாளர்கள் வாயைத் தடிக்க விடுகிறார்கள். வெட்டவே வெட்டாத கத்தி நம் கைக்கு வருகிறது. வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம், சாதாரணக் கல்லில் தேய்த்து மாளாது. வைரக் கல்லில் மணிக்கணக்காக உட்கார்ந்து மெலிய வைக்க வேண்டியது நாம்தான்.

உடைந்த அதே கத்தியின் வாயை 0.5 மி.மீ. தடிமன் வரும்வரை பின்னுக்குத் தேய்த்து, பக்கத்துக்கு 20 பாகையில் சாணை வைத்து, அதே எலும்பில் திருகிக் காட்டட்டும். காலிப்பர் காட்டும் எண்ணும் வீடியோவில் தெரியட்டும்.