காலியான நடு சீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஐரோப்பாவுக்குள் பறக்கும்போது பிசினஸ் கிளாஸ் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: சீட்டுக்காக அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள். அங்கே தனி சீட் என்று ஒன்று கிடையாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ், ஐபீரியா என்று எதில் ஏறினாலும், ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தின் முன்வரிசைகளில் இருப்பது பின்னால் எகானமியில் இருக்கும் அதே மூன்றும் மூன்றுமான சீட்தான். நடு சீட்டில் யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள். சில விமானங்களில் அந்த நடு சீட்டில் ஒரு சின்ன மேசை இருக்கும். பின்னால், எகானமியைப் பிரித்துக் காட்ட, ஒரு திரை தொங்கும்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. சென்னை–டெல்லி ஏர் இந்தியாவில் அதே ஏ320-இன் முன்பகுதியில் இரண்டிரண்டாக அகலமான சீட், நன்றாகச் சாயும், காலை நீட்டலாம். இண்டிகோ கூட 2024-இல் ‘ஸ்ட்ரெட்ச்’ என்று இரண்டிரண்டு சீட்டைக் கொண்டுவந்துவிட்டது. அந்த நினைப்போடு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வியன்னாவுக்கு பிசினஸ் போட்டுவிட்டு, உட்கார்ந்த பிறகு போர்டிங் பாஸை எடுத்து எடுத்துப் பார்த்த உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள். சீட் எண் சரியாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி? விடை அந்தத் திரையில் இருக்கிறது. அது ஓரிடத்தில் நிற்காது. திங்கட்கிழமை காலை ஃபிராங்க்ஃபர்ட்–லண்டன் விமானத்தில் கம்பெனிச் செலவில் போகிறவர்கள் நிறைய இருந்தால் திரையைப் பல வரிசை பின்னால் தள்ளிவிடுவார்கள். அதே விமானம் சனிக்கிழமை விடுமுறைக் கூட்டத்தோடு மயோர்க்கா தீவுக்குக் கிளம்பினால் திரை இரண்டாம் மூன்றாம் வரிசைக்கே வந்துவிடும். ஒரே விமானம் ஒரே நாளில் நான்கைந்து ஊர்களுக்குப் போய்வருகிறது, ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு. அகலமான சீட்டைத் தரையில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் கூட்டம் இல்லாத நாளிலும் அது இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். 90-களில் ஐரோப்பிய வான்வெளி போட்டிக்குத் திறந்துவிடப்பட்டு, ஈஸிஜெட், ரயனேர் போன்றவை மலிவு விலையில் இறங்கிய பிறகு, ஒவ்வொரு வரிசையையும் கசக்கிப் பிழிய வேண்டிய கட்டாயம் பழைய நிறுவனங்களுக்கும் வந்தது. சீட் மெலிந்தது, வரிசை நெருங்கியது. இன்று பல நிறுவனங்களில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 30 அங்குலம்தான், திரைக்கு முன்னாலும் பின்னாலும். எகானமியில் அவசரக் கதவு வரிசைக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கட்டினால் பிசினஸில் இருப்பவரைவிட உங்கள் முட்டிக்கு அதிக இடம் கிடைக்கும்.

வியாபாரக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இதைப் பெரிய குற்றமாகவும் சொல்ல மாட்டேன். லண்டன்–பாரிஸ் விமானம் மேலே ஏறி நிதானிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். சாய்ந்து படுக்க அங்கே நேரமே இல்லை. (அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நான் யூரோஸ்டார் ரயிலில்தான் போவேன். இரண்டே கால் மணி நேரம் சொச்சம், ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கலாம்.) என் கோபமெல்லாம் நீண்ட தடங்களைப் பற்றியது. லண்டனிலிருந்து ஏதென்ஸ், சைப்ரஸின் லார்னகா, இஸ்தான்புல் எல்லாம் நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணங்கள். அதிலும் இதே சீட்தான். இஸ்தான்புல் தடத்தைப் பாருங்கள். துருக்கிஷ் ஏர்லைன்ஸ் தன் சிறிய விமானங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டிரண்டாக, கால் நீட்டிச் சாயும் சீட்டுகளை வைத்திருக்கிறது. அதே ஊருக்கு, அதே தூரத்துக்கு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் காலியான நடு சீட்டை பிசினஸ் என்று விற்கிறது. முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கவுன்டரில் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் அரசாங்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. பிரிட்டனின் விமானப் பயணி வரி, விமானத்தில் இருப்பதிலேயே கீழ் வகுப்புக்கு ஒரு விகிதம், அதற்கு மேல் எதுவானாலும் இன்னொரு விகிதம். உள்நாட்டுப் பயணத்தில் அது சரியாக இரண்டு மடங்கு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, அதே சீட்டில், அதே முட்டி இடிபட, திரைக்கு முன்னால் உட்கார்ந்ததற்காக இரட்டை வரி. பிரான்ஸ் 2025 மார்ச்சில் வரியை உயர்த்தியபோது ஐரோப்பியப் பயணத்துக்கு எகானமிக்கு 7.40 யூரோ, பிசினஸுக்கு 30 யூரோ என்று வைத்தது. வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்டட்டும் என்ற எண்ணத்தில் எனக்கு மறுப்பில்லை. கார்பன் கணக்கும் இருக்கிறது: காலியான நடு சீட்டின் புகையும் பக்கத்தில் இருப்பவர் தலையில்தான் எழுதப்படும், அது நியாயம். ஆனால் பயணி கொடுக்கும் பணத்தில் இவ்வளவு வரிக்கும் பெயருக்குமே போகிறது என்பதை வாங்குமுன் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் யாருக்கு இது பயன்? சிலருக்கு நிச்சயமாகப் பயன். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை படுக்கை சீட்டில் வந்து அங்கிருந்து ஓஸ்லோ போகிறவருக்குக் கடைசித் துண்டும் பிசினஸாகவே வரும். இந்த வகுப்பு உயிரோடு இருப்பதற்கு அவர்கள் ஒரு பெரிய காரணம். அடுத்தது சாமான். பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் லுஃப்தான்சாவிலும் பிசினஸுக்கு 32 கிலோ பெட்டி இரண்டு. லண்டன், பாரிஸ், சூரிச், ஓஸ்லோ என்று பிரிந்து வாழும் ஈழத்துக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் கூறைப்புடவை, பலகாரம், சீர்ச்சாமான் எல்லாம் விமானத்தில்தான் வருகின்றன. கூடுதல் பெட்டிக்கு எகானமியில் தனித்தனியாகக் கட்டிக் கூட்டிப் பார்த்தால் சில தேதிகளில் வித்தியாசம் மிகச் சின்னதாக இருக்கும். அப்போது தயங்காமல் வாங்குங்கள். நடக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கும் வாங்குவேன். வரிசையில் நிற்க வேண்டியதில்லை, லவுஞ்சில் உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, பக்கத்தில் முட்டும் தோள் இல்லை. முட்டிவலிக்காரருக்கு மட்டும் கவனம்: காலுக்குக் கூடுதல் இடம் கிடைக்காது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பீங்கான் தட்டில் வரும். ஐம்பது நிமிடப் பயணத்தில் அதைப் பரிமாறி, எடுத்து, சிரிப்பும் மாறாமல் முடிக்கிற பணிக்குழுவை நான் மதிக்கிறேன். என்னைக் கேட்டால் அவர்கள்தான் இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தடங்களிலாவது உண்மையான சீட் போடுங்கள். முடியாவிட்டால் காலி நடு சீட், லவுஞ்ச், சாமான், தேதி மாற்றும் வசதி எல்லாவற்றையும் பிரித்து விலை போடுங்கள், வேண்டியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு, டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே வரிசைக்கு வரிசை எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். வரியெல்லாம் சேர்த்து இறுதி விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 1008/2008 விதி சொல்கிறது. காசைப் பற்றி அவ்வளவு கறாராக இருக்கும் அந்த விதியில் அங்குலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத நினைப்பவர்கள் இதை எழுதுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு விஷயம். திரையைக் கடைசி நேரத்தில் முன்னால் நகர்த்தி உங்களை எகானமிக்கு இறக்கினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, பிரிவு 10, உங்கள் பக்கம் நிற்கிறது. 1500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், அதைத் தாண்டிய ஒன்றியத்துக்குள்ளான பயணத்துக்கு 50 சதவீதம், ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கவுன்டரில் வவுச்சர் நீட்டினால் வாங்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர் செல்லும், இல்லையென்றால் பணமாகத்தான் தர வேண்டும்.